சொல்லிக்கொள்ளாமல் போன போன்கள்

வாருங்கள், உள்ளே வந்து பாருங்கள். படிப்பவர் என்று தள்ளி நிற்க வேண்டாம். சாட்சி என்று நெருங்கி வாருங்கள். இங்கே ஒரு செவிலியின் மீது குற்றம் சாட்டியிருக்கிறார்கள். சாட்டியவர்களில் ஒருவர்கூட அந்தக் குற்றத்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆதாரம் என்று அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வரி: 'பரிசோதித்தோம், குறை மீண்டும் நிகழவில்லை.' பல்லாண்டுக் காலம் பிறர் படுக்கையருகே நின்று கால் வீங்கிய ஒரு பெண்ணை, பணிநேரத்தில் தூங்கியவள் என்று ஊர் பேச வைக்க அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்த கை யாருடையது தெரியுமா? அவளுடைய சொந்த நாத்தனாருடையது.

அந்த நாத்தனாருக்கு அலுவலகத்தில் 'ரிப்பீட்டு' என்று பெயர். கம்பியில்லா இணையப் பெட்டிகளைச் செய்து விற்கும் நிறுவனம் ஒன்றில் அவள் பரிசோதனைப் பொறியாளர். கூரையில் வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் இருக்குமே, ஓரத்தில் பச்சை விளக்கு எரியுமே, அந்தப் பெட்டிகள். யார் எதைச் செய்து காட்டினாலும் அவள் வாயில் வரும் முதற்சொல் "இன்னொரு தடவை" என்பதுதான். ஒருமுறை நடந்தால் அது தற்செயல். கேட்டபோதெல்லாம் நடந்தால்தான் அது குறை என்பது அவள் கொள்கை. அந்தக் கொள்கைக்குக் கிடைத்த பட்டம் ரிப்பீட்டு. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, தேநீர்க் கோப்பையிலேயே அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

முறையீடுகள் அவளிடம் வாடிக்கையாளர் எண்ணோடுதான் வரும், பெயரோடு வராது. அப்படி வந்த ஒன்றில், 'மாலை நேரத்தில் பெட்டி சில சமயம் செத்து எழுகிறது' என்றிருந்தது. அவள் தன் பொய்ப்போன் படையை ஏவினாள். ஒரே கணினி நூற்றுக்கணக்கான கைப்பேசிகளைப் போல நடித்துப் பெட்டியோடு பேசும். அதுதான் அந்தப் படை. படை வந்தது, பேசியது, மொய்த்தது, திரும்பிச் சென்றது. பெட்டி அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. ஒரு வாரம் வதைத்தும் பச்சை விளக்கு பச்சையாகவே எரிந்தது. வழக்கமான அந்த வரியை எழுதினாள், முறையீட்டை மூடினாள், அடுத்ததைத் திறந்தாள். அவள் செய்ததில் சோம்பல் இல்லை, வஞ்சகம் இல்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணமே இல்லாமல் ஒரு கொடுமையைச் செய்து முடிக்க முடியும்.

சில நாள் கழித்து ஒரு மாலை அவள் வீடு திரும்பியபோது, அந்நேரத்துக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டிய அண்ணி சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். சீருடையை இன்னும் மாற்றவில்லை.

"என்ன அண்ணி, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"நானா வரலை. அனுப்பிட்டாங்க."

அண்ணன் எதிரில் நின்று ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். வேன் ஓட்டுபவர்; எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் இல்லை, ஆனால் அன்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். "'கருவி வழங்கிய நிறுவனம் பரிசோதித்ததில், குறை மீண்டும் நிகழவில்லை. ஆகவே, எச்சரிக்கை ஒலித்தும் பணியிலிருந்த செவிலி கவனிக்கத் தவறினார் என்று கொள்ள வேண்டியுள்ளது. விசாரணை முடியும் வரை...'" அவர் தலைநிமிர்ந்தார். "கொள்ள வேண்டியுள்ளதாம்! இவங்களைக் கொள்ளச் சொல்லி யாரு கேட்டாங்க?"

ரிப்பீட்டு அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லவில்லை. காற்புள்ளி வைத்த இடம்கூட அவளுடையது.

"அண்ணி, அந்த வரி... நான் எழுதினது."

அண்ணி தாளை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். பிறகு, "நல்லா எழுதியிருக்கே. எழுத்துப்பிழையே இல்லை" என்றார்.

கன்னத்தில் அறைந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திராது.

அண்ணன் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் சண்டை தொடங்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் நடுவில் உட்காருவார். தொண்ணூறு விழுக்காடு அடி அவருக்கே விழும். "சரி, ரெண்டு பேரும் முறைச்சது போதும். அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? என்கிட்டயே முழுசாச் சொல்லலையே நீ."

அண்ணி சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பணி மாறும்போது அடுத்த செவிலியிடம் ஒப்படைக்கும் குரல்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் நீண்ட கூடம் அது. ஒவ்வொருவர் படுக்கையிலும் நாடித்துடிப்பைக் காட்டும் சிறு கருவி உண்டு. எல்லாக் கருவிகளும் கூரையிலுள்ள வெள்ளைப் பெட்டி வழியாகச் செவிலியர் மேசைத் திரைக்குச் செய்தி அனுப்பும். பார்வையாளர் நேரம் முடிந்து மணியடித்தது. கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் சாம்பல் பூத்தது; எல்லோருடைய துடிப்பும் ஒரே நேரத்தில் காணாமல் போயிற்று.

"உடனே எழுந்துட்டேன். திரை போனா காலால நடக்கணும்னு எங்களுக்குச் சொல்லியா கொடுக்கணும்? இந்தக் கோடியிலேர்ந்து ஒவ்வொருத்தரா கையைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டே போனேன். அந்தக் கோடியில பஸ் கண்டக்டர் ஒருத்தர். அவருக்கு அந்த நேரம் பார்த்துத் துடிப்பு இறங்கிடுச்சு. நான் நடுவுல இருக்கேன், பக்கத்துப் படுக்கைக்காரர் கத்துறார். ஓடினேன். பிழைச்சுட்டார். ஆனா தீவிரச் சிகிச்சையில ரொம்ப நாள் கிடந்தார். டாக்டர் வந்து பார்க்கிறப்போ திரை பளிச்சுனு எரியுது. 'திரை நல்லாத்தானே இருக்கு, நீ எங்க இருந்தே?'ங்கிறார். என்னத்தைச் சொல்ல?"

"முன்னாடியும் இப்படிப் போயிருக்கா?" ரிப்பீட்டு கேட்டாள்.

"இந்த மாசந்தான். மாடிப்படிக்குப் பெயின்ட் அடிக்கிறாங்கன்னு மூடி வச்சிருக்காங்க. எல்லாரும் லிஃப்டுலதான். அதுல ஒரே இடிபாடு, ஒரே கத்தல். இதுக்கு நடுவுல திரை வேற. சொல்லிச் சொல்லித்தான் உங்க கம்பெனிக்கே எழுதினாங்க."

"என்கிட்ட வந்தப்போ நிக்குதே அண்ணி. எவ்வளவோ அடிச்சுப் பார்த்தேன்."

"அடிச்சுப் பார்த்தா நிக்கும்மா. என்னையும்தான் எல்லாரும் அடிச்சுப் பார்க்கிறாங்க, நிக்கலையா?"

அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பெட்டியில தப்புன்னா யார் தப்பு? செஞ்சவன் தப்பா, வித்தவன் தப்பா?"

"டிரைவர் தப்பா இருக்கலாம்ண்ணா."

"அதானே! கடைசியில எங்க தலையிலதான் விழும்."

டிரைவர் என்பது இங்கே ஆளில்லை. பெட்டிக்குள் வானலையைப் பிடிக்கும் சில்லு ஒன்று உண்டு. அந்தச் சில்லை ஓட்டும் நிரலுக்கு அவர்கள் தொழிலில் அப்படிப் பெயர். அதை எழுதியவரையும் அலுவலகத்தில் டிரைவர் என்றே அழைத்தார்கள். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

மறுநாள் அவள் மேலாளர் அறைக்குப் போனாள். மூடிய முறையீட்டைத் திறக்க அவர் கையொப்பம் வேண்டும்.

"புதுசா என்ன கிடைச்சிருக்கு?"

"எதுவும் கிடைக்கலை சார். ஆனா அந்த ஆஸ்பத்திரியில வேலை போகப்போறது என் அண்ணிக்கு."

"அப்போ நீங்க அதைத் தொடவே கூடாது. சொந்தக்காரங்க விஷயம். நாளைக்கு யாராவது கேட்டா?"

"சொந்தம்னு தெரியாதப்போ எழுதின வரியை வச்சுத்தான் சார் அவங்களை வெளிய அனுப்பியிருக்காங்க."

"நாம பெட்டியைப் பத்தித்தான் எழுதினோம். நர்ஸைப் பத்தி எழுதலையே?"

கேளுங்கள், இந்த மறுமொழியைக் கேளுங்கள்! அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியைப் பற்றி மட்டுமே எழுதினார்கள். எய்தவன் இங்கே நிற்கிறான், தைத்தது அங்கே என்று சொல்லிக் கைகழுவ முடிகிற உலகத்தில் எந்தக் கைதான் அழுக்காக இருக்கும்?

கையொப்பம் கிடைக்காமலேயே அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். டிரைவர் எதிர்மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். நரைத்த தலை, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது.

"என்ன தாயே, திரும்பவும் என் பிள்ளையைப் போட்டு அடிக்கப் போறியா?"

"அடிக்கணும் சார்."

"அடி, அடி. கல்லுமாதிரி நிப்பான்."

நின்றது. அன்றும் மறுநாளும் அதன் மறுநாளும் நின்றது. போன்களின் எண்ணிக்கையை இரட்டித்தாள், நின்றது. பெரிய பெரிய கோப்புகளை அனுப்பினாள். முக்கியது, முனகியது, நின்றது. வீட்டுக்குப் போனால் அண்ணி எதுவும் கேட்பதில்லை. ஒருவர் கேட்காமல் இருப்பதைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்று அவளுக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. வேலை போனால் அதோடு முடியாது. கவனக்குறைவு என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு எந்த மருத்துவமனையும் அண்ணியை நோயாளியின் அருகே விடாது.

விசாரணைக்கு முன்பாக எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார்கள். அந்தக் காலையில் அண்ணி உறையைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"நான் போறேன்."

"என்ன வார்த்தை அது?" அண்ணன் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். "போயிட்டு வரேன்னு சொல்லு."

"போனா வருவேன்னு என்ன நிச்சயம்? என்னை வரச்சொல்ல அங்க யாரு இருக்கா?"

"அங்க இல்லைன்னா இங்க இருக்கோம்ல? நீ பாட்டுக்குச் சொல்லிக்காமப் போயிட்டா நான் எவ்வளவு நேரம் சோத்தை மூடி வச்சுக்கிட்டுக் காத்திருக்கிறது? சொல்லிட்டுப் போ."

"சரி, போயிட்டு வரேன். கரண்டியைக் கீழ போடுங்க, சொட்டுது."

ரிப்பீட்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவளுடைய பொய்ப்போன்கள் ஒவ்வொன்றும் பெட்டியிடம் சொல்லிக்கொண்டுதான் போயின. அது அவளே எழுதிய கட்டளை. ஒரு சோதனை முடிந்து அடுத்தது தொடங்கும்போது, பழையதன் எச்சம் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் கணக்கு குழம்பும். ஆகவே சோதனை முடிவில் படையிலுள்ள ஒவ்வொரு போனும் ஒழுங்காக வரிசையில் நின்று, நான் விலகுகிறேன் என்று அறிவித்துவிட்டே விலகும். ஒழுங்கை விரும்பும் பரிசோதகர் எவரும் அப்படித்தான் எழுதுவார்; இவ்வளவு பண்பான கூட்டத்தை உலகில் வேறெங்கும் காண முடியாது என்பது அவள் புத்தியில் படவே இல்லை. மணியடித்ததும் முண்டியடித்து லிஃப்டுக்குள் ஏறுகிறவர்களின் சட்டைப்பையில் போன் உறங்கிக்கொண்டிருக்கும். இரும்புக் கதவு மூடும். அலை அறுந்துபோகும். எந்தப் போன் பெட்டியிடம் சொல்லிக்கொண்டு போகும்?

பேருந்துக்குக் காத்திராமல் அவள் பாதி வழி நடந்தே போய்விட்டாள்.

அலுவலகத்தில் தன் நிரலைத் திறந்து, விடைபெறும் அந்த ஒரு கட்டளையை மட்டும் நீக்கினாள். படை வந்தது, பேசியது, உறங்கியது, பின்பு ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்தது. அடுத்த படை வந்தது, அதுவும் மறைந்தது. திரையோரத்தில் பெட்டியின் நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு, மாடிப்படி இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாக இறங்கியது. ஏறவே இல்லை. தரையைத் தொட்டதும் பச்சை விளக்கு அணைந்தது. சற்றுப் பொறுத்துச் சிவப்பாக எரிந்து, மறுபடி பச்சையாயிற்று. உள்ளே பார்த்தாள். பெட்டிக்கு எதுவும் ஞாபகம் இல்லை. விழுந்ததற்கான குறிப்பையும் அது நினைவகத்தில்தான் வைத்திருந்தது. விழுந்தபோது குறிப்பும் சேர்ந்து போயிற்று. பச்சைக் குழந்தையின் முகத்தோடு எழுந்து உட்கார்ந்திருந்தது.

"சார், வாங்க. உங்க பிள்ளை விழுந்துட்டான்."

டிரைவர் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இது உன் பொய்ப்போன் பண்ற அக்கிரமம். நிஜப் போன் இப்படிப் போகாதும்மா. எட்டப் போகப் போக மெதுவா விலகும், விலகுறப்போ சொல்லும்."

"மாடிப்படியில இறங்கினா மெதுவா விலகும் சார். லிஃப்டுல?"

"லிஃப்டைத் தூக்கிட்டு வரச் சொல்றியா?"

லிஃப்டைத் தூக்கி வர இயலாது. ஆனால் கிடங்கில் பழைய கருவிகளைப் போட்டு வைக்கும் இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரிது. அவள் அதைத் தரையில் தேய்த்து இழுத்து வந்தாள். மூடியின் இடுக்குகளில் அலுமினியத் தாளை மடித்து ஒட்டினாள். கிடங்கிலிருந்த சோதனைப் போன்களையெல்லாம் அள்ளி வந்தாள். போதவில்லை. ஒரு கூடையை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள்.

"போனைக் குடுங்க. சாயங்காலம் திருப்பித் தரேன்."

"ஐயோ, என் வீட்டுக்காரி கூப்பிட்டா?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"எடுக்க மாட்டீங்க. வழக்கம்போல."

அறை முழுவதும் சிரித்தது. கூடை நிறைந்தது.

போன்கள் வெள்ளைப் பெட்டியோடு இணைந்தன, பேசின, திரை அணைந்து உறங்கின. அவற்றை இரும்புப் பெட்டிக்குள் இறக்கி மூடினாள். கொஞ்சம் பொறுத்து, வெளியே எடுத்து மறுபடி இணைத்தாள். இன்றைய போன்கள் பழைய இணைப்பை மறந்துவிட்டுச் சேரும்போது புதுப்பெயர் பூண்டு வருகிறவை, ஆகவே வெள்ளைப் பெட்டிக்கு அவை புது ஆட்கள். மறுபடி இரும்புக்குள். மறுபடி வெளியே. சிரித்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். கோடு படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்தது.

"ஒரு தடவை விழுந்தா..." என்று டிரைவர் தொடங்கினார்.

"இன்னொரு தடவை" என்று அறை முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

இன்னொரு தடவையும் விழுந்தது. டிரைவர் தம் நாற்காலிக்குப் போனார். உச்சிவேளை கடந்தபின் எழுந்து வந்து, அவள் மேசை ஓரத்தில் கையை ஊன்றி நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டேன். தூங்குற போனுக்கு வர்ற செய்தியைப் பெட்டி எடுத்து வைக்குது. அது சரி. ரொம்ப நேரம் ஆள் வரலைன்னா, போயிட்டான்னு முடிவு பண்ணித் தூக்கிப் போடணும். போடுறதில்லை. எல்லாருக்கும் பொதுவா ஒரு அறிவிப்பு வந்தா, அதுல ஆளுக்கொரு பிரதி எடுத்து வைக்கிறேன். வைக்கிறப்போ, அவன் இப்போதான் பேசினான்னு கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பிடுறேன். பேசினது நான். அவன் பேசினதா எழுதிட்டேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போனவன் எவனும் போகவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு, எல்லாருக்கும் எடுத்து வச்சு எடுத்து வச்சு, மூச்சு முட்டிச் சாகுதும்மா. ரெண்டு வரி மாத்தினா சரியாயிடும்."

"மேலாளர்கிட்ட சொல்லுவோம் சார்."

"நீ சொல்லு. நான் திருத்தித் தரேன். அதுக்கு மேல கேக்காதே, நான் குடும்பஸ்தன்."

மேலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பாராட்டக்கூடச் செய்தார். "அடுத்த வெளியீட்டுல சேர்த்துடலாம். சத்தமில்லாமப் போயிடும்."

"ஆஸ்பத்திரிக்கு எழுதணும் சார். முன்னாடி எழுதினது தப்புன்னு."

"தப்புன்னு எழுதினா, இதே பெட்டி வாங்கின அத்தனை பேரும் கேப்பாங்க. அங்கெல்லாம் என்ன நடந்துச்சுன்னு கிளறுவாங்க. திருத்துறோம்ல? அது போதாதா?"

"பெட்டிக்குப் போதும் சார்."

"விசாரணைக்குக் கம்பெனி சார்புல நான் வரேன். எழுதினதைத்தான் சொல்லுவேன். நீங்க லீவு போட்டு வீட்ல இருங்க."

அவள் விடுப்பு எடுத்தாள். வீட்டில் இருக்கவில்லை.

விசாரணை, மருத்துவமனையின் கீழ்த்தள அறையொன்றில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூவர்; நடுவில் இருந்தவர் தலைமை மருத்துவர், மூத்த பெண்மணி. மேலாளர் எழுந்து அந்த வரியைப் படித்தார். அண்ணி எதிர்நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரிப்பீட்டு கதவைத் தட்டிவிட்டு, அழைப்பதற்கு முன்பே உள்ளே வந்தாள்.

"நீங்க யார்?" என்றார் தலைமை மருத்துவர்.

"அவர் படிச்ச வரியை எழுதினவ நான்தாம்மா. அது தப்பு. நிகழவில்லைன்னு எழுதினேன். எனக்கு நிகழ்த்தத் தெரியலைன்னு எழுதியிருக்கணும்."

"இவங்க இந்த அம்மாவுக்கு நாத்தனார்" என்றார் மேலாளர் சட்டென்று. "குடும்பப் பாசம்."

"நாத்தனார் அண்ணிக்காகப் பேசுறான்னா அதைத்தான் நீங்க முதல்ல விசாரிக்கணும்" என்று அண்ணி முணுமுணுத்தார். மேசைக்குப் பின்னாலிருந்த ஒருவருக்குச் சிரிப்பை அடக்க இருமல் தேவைப்பட்டது.

ரிப்பீட்டு கணினியைத் திறக்கவில்லை, வரைபடம் காட்டவில்லை. "நான் சொல்றதை நம்ப வேண்டாம்மா. பார்வையாளர் நேரம் முடியப்போகுது. மாடிப்படி இன்னும் மூடித்தான் இருக்கு. மேல கூடத்துக்கு வந்து நின்னு பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒவ்வொரு படுக்கைக்கிட்டயும் ஒரு ஆளை நிறுத்துங்க. திரை போகப்போகுது."

"நாங்க பார்க்கிறதுக்காக நோயாளியை ஆபத்துல விடச் சொல்றீங்களா?"

"நீங்க பார்த்தாலும் பார்க்காட்டியும் போகுதும்மா. படியை மூடினதுலேர்ந்து இப்படித்தான். இன்னைக்காவது ஆள் நிக்கட்டும்."

தலைமை மருத்துவர் எழுந்தார்.

படுக்கைக்கு ஒருவராகச் செவிலியர் நின்றார்கள். ஆள் போதாமல், விசாரிக்க வந்த மூவரில் இருவரும் தலைக்கொரு நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடைநீக்கத்தில் இருப்பவர் எதையும் தொடக் கூடாது என்பது விதி. அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். மணியடித்தது. கூட்டம் எழுந்தது. பிளாஸ்டிக் பைகள், தூக்குப்பாத்திரங்கள், தோளில் உறங்கும் குழந்தைகள், சட்டைப்பையில் உறங்கும் போன்கள். லிஃப்டு வந்தது, விழுங்கியது, மூடியது. மறுபடி வந்தது, விழுங்கியது, மூடியது. செவிலியர் மேசைத் திரையில் துடிப்புகள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இதழோரத்தில் ஒரு புன்னகைகூடத் தோன்றியது.

கடைசிக் கூட்டம் ஏறி, கூடம் அமைதியாயிற்று. கூரையில் பச்சை விளக்கு அணைந்தது.

திரை முழுவதும் சாம்பல் பூத்தது. படுக்கையருகே நின்றவர்கள் துடிப்பை உரக்க எண்ணினார்கள். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒரு மூலையில் ஒரு குரல் தடுமாறியது. அங்கே மணிக்கட்டைப் பிடித்திருந்தவர் விசாரணைக் குழு உறுப்பினர், ஆண்டாண்டுகளாக நாற்காலியில் மட்டுமே பணிபுரிந்த அதிகாரி. "எனக்குக் கிடைக்கலை, துடிப்புக் கிடைக்கலை!" என்று அவர் அலறினார்.

அண்ணி கட்டிய கைகளை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். விதி சுவரோரத்திலேயே நின்றது. அதிகாரியின் விரலை விலக்கி, தன் விரலை வைத்து, சற்றே நகர்த்தி அழுத்தினார். "இருக்கு. நல்லா இருக்கு. நீங்க எலும்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க சார்." படுத்திருந்தவரைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லை, இவருக்குத்தான் வேர்க்குது" என்றார். நோயாளி சிரித்தார்.

விளக்கு சிவந்து, பிறகு பச்சையாயிற்று. திரை, எதுவுமே நடவாததுபோல் எல்லோருடைய துடிப்பையும் காட்டியது.

தலைமை மருத்துவர் மேலாளரைப் பார்த்தார். "இது நிகழவில்லை. அப்படித்தானே?"

மேலாளர் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் செருகினார்.

அண்ணியின் இடைநீக்கம் அந்த வாரமே நீங்கியது. கவனக்குறைவு என்ற சொல்லை அவருடைய பதிவிலிருந்து அடித்தார்கள். அந்தக் கூடத்துப் பெட்டியில் டிரைவரின் இரண்டு வரித் திருத்தம் ஏறியது. நிறுவனம் ரிப்பீட்டை வேலையை விட்டு நீக்கவில்லை. அப்படிச் செய்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். பரிசோதனை அறையிலிருந்து எடுத்து, பெட்டிகளை உறையிடும் பிரிவில் உட்கார வைத்தார்கள். வீட்டில் அண்ணி அவளிடம் பழையபடி பேசுகிறார். பழையபடியே திட்டவும் செய்கிறார்.

நன்மையாய் முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள். அதே பெட்டி இன்னும் எத்தனையோ கூரைகளில் பச்சை விளக்கோடு தொங்குகிறது. அந்த நிறுவனம் மற்ற வாடிக்கையாளர் ஒருவருக்கும் எழுதவில்லை. அங்கெல்லாம் திரை போனபோது யார்மீது பழி விழுந்தது, எந்தச் செவிலி, எந்தக் காவலாளி, எந்தக் கடைநிலைப் பணியாள் கவனக்குறைவு என்ற முத்திரையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. கேட்பதற்கு அவர்களுக்கெல்லாம் நாத்தனார் இல்லை.

ஆகவே நீங்கள் கேளுங்கள். உங்கள் முறையீட்டுக்கு 'மீண்டும் நிகழவில்லை' என்று மறுமொழி வந்தால், அதை முடிவென்று வாங்கி மடித்து வைக்காதீர்கள். எப்படி நிகழ்த்திப் பார்த்தீர்கள்? எங்கள் நெரிசலை வைத்தா, உங்கள் ஒழுங்கை வைத்தா? எத்தனை இடங்களிலிருந்து இதே முறையீடு வந்து, இதே வரியால் மூடப்பட்டது? இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். உங்கள் பணியிடத்தில் இயந்திரத்தின் சொல்லை நம்பி ஒரு மனிதரை வெளியே அனுப்புகிறார்களா? கையொப்பமிட மறுங்கள். அந்தக் குறை நிகழ்கிற இடத்தில், நிகழ்கிற நேரத்தில், விசாரிப்பவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நாளைக்கென்று தள்ளாதீர்கள், இன்றே தொடங்குங்கள்!